முதுகில் பின்னிய பெயர்

போன வருடக் கடைசியில், ஒரு பிள்ளையின் முதுகில் எந்தப் பெயரைப் பின்னுவது என்று தெரியாமல் நான் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் விரல் விறைத்துப்போகிறது. ஹட்டன் குளிருக்கே விறைக்காத விரல்கள் இவை.

என் பெயர் உம்மு குல்சும். ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இறங்கும் சந்தில் எங்கள் கடை இருக்கிறது. முன்பக்கம் என் கணவர் ஹலீமுடையது: குடை, மழைக்கோட்டு, போர்வை, கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்கு. பின்பக்கம் ஜன்னலோர நாற்காலியும் இரண்டு அலுமாரி நிறையக் கம்பளி நூலும் என்னுடையவை. கார்டிகன், மஃப்ளர், தொப்பி, எதைக் கேட்டாலும் நானே கட்டம் போட்ட தாளில் வரைந்து நானே பின்னிக் கொடுப்பேன். கொழும்பிலிருந்து மூட்டையில் வரும் பழைய சுவெட்டர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதில் மான் இருக்கும், பனிமனிதன் இருப்பான். வட்டவளையில் எவன் பனிமனிதனைக் கண்டான்? என் டிசைனில் தேயிலைத் தளிர் இருக்கும், மைனா இருக்கும், ஆசைப்பட்டுக் கேட்டால் மலையேறி வரும் உடரட்ட ரயில்கூட இருக்கும்.

தோட்டத்துப் பெண்கள் அளவு கொடுப்பதற்குப் பிள்ளைகளைக் கூட்டிவர மாட்டார்கள். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போகும், தாய்க்கு ஒரு நாள் வேலை போகும். அதனால் வீட்டிலேயே ஒரு நூலைப் பிள்ளையின் உடம்பில் வைத்து முடிச்சுப் போட்டுக் கொண்டுவருவார்கள். நுனியிலிருந்து முதல் முடிச்சு வரை மார்புச் சுற்று, அதிலிருந்து அடுத்த முடிச்சு வரை கழுத்திலிருந்து இடுப்பு, மிச்சம் கை. அந்த நூலை நான் எறிவதில்லை. வீட்டுக்கு ஓர் ஆணி என்று பின்சுவரில் தொங்கவிட்டிருப்பேன். அடுத்த வருடம் புது நூல் வந்ததும் பழையதோடு சேர்த்துப் பிடித்து, பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று சொல்வேன். தாய்மாருக்கு அதில் ஒரு சந்தோஷம். பாதிப் பிள்ளைகளின் முகம் எனக்குத் தெரியாது. கை நீளம் தெரியும்.

மீனம்மாவுக்கும் அப்படி ஓர் ஆணி இருந்தது. வட்டவளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். அதிகம் பேசமாட்டாள். மழைக்காலம் தொடங்கியதும் வருவாள், நூலைக் கொடுப்பாள், "புள்ளைக்கு ஒரு கார்டிகன் ராத்தா," என்பாள், போய்விடுவாள். முதல் வருடம் பின்னியது மஞ்சள் நிறம், மார்பின் இரண்டு பக்கமும் மைனா. அதை வாங்கிப்போக அந்த முறை ரொம்பவும் பிந்தித்தான் வந்தாள். "இப்படிப் போட்டுவச்சா புள்ள குளிர்ல சாகும்," என்று ஏசினேன். அவள் மஞ்சள் கார்டிகனைச் சேலைக்குள் வைத்து மூடிக்கொண்டு போனாள்.

அடுத்த வருடம் அவள் கொண்டுவந்த நூல், முதல் நூலைவிடக் குட்டையாக இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன மீனம்மா, உங்க புள்ள வளருதா தேயுதா? அளக்கத் தெரியாட்டி யார்கிட்டயாவது குடுத்து அளக்கிறதுதானே?"

அவள் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. "நீங்க பாத்து நீளமாப் பின்னுங்க ராத்தா," என்றாள்.

முதல் நூலின் அளவுக்கு மேல் ஒரு விரல் கூட்டிப் பின்னிக் கொடுத்தேன். அதிலிருந்து எல்லா வருடமும் அப்படியே ஆகிவிட்டது. நூல் ஓர் அளவு சொல்லும், நான் கையிலும் மார்பிலும் கொஞ்சம் கூட்டிக்கொள்வேன். அவளுக்கு அளக்கத் தெரியாது என்று என் மனதில் பதிந்துபோயிருந்தது.

போன நவம்பரில், சந்து முழுக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், மீனம்மா வந்தாள். வழக்கத்துக்கு மாறாக நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். முகத்தில் ஒரு களை இருந்தது.

"புள்ள பெரியபுள்ளையாயிட்டா ராத்தா. தையில சடங்கு. வட்டவளைக் குளிருல தண்ணி ஊத்துன பொறகு மேல போட நல்லதா ஒண்ணு வேணும். மாதுளம்பழச் செவப்புல. முதுகுல பேரு வரணும். கிரிக்கட்காரங்க போடுவாங்களே, அந்த மாதிரி."

"பேரென்ன?"

இத்தனை வருடத்தில் அந்தப் பிள்ளையின் பெயரை நான் கேட்டதே இல்லை.

"தனுஷிகா."

பெயர் போடுவதற்கு இரண்டு வழி இருக்கிறது என்று அவளுக்கு விளக்கினேன். சட்டையைப் பின்னி முடித்த பிறகு மேலே வேறு நிற நூலால் எழுத்தைத் தைக்கலாம். அது சுலபம், பிடிக்காவிட்டால் பிரித்து எடுத்துவிடலாம். மற்றது, இரண்டு நிற நூலையும் சேர்த்துப் பிடித்துப் பின்னும்போதே எழுத்தையும் கூடவே பின்னிக்கொண்டு போவது. அது சட்டையோடு சட்டையாகிவிடும். பெயரை எடுக்க வேண்டுமென்றால் சட்டையையே பிரிக்க வேண்டும்.

"கூடவே பின்னிருங்க," என்றாள் மீனம்மா. "யாரும் கழட்டக் கூடாது."

அவள் போன பிறகு கட்டத் தாளை எடுத்து வரையத் தொடங்கினேன். தமிழ் எழுத்தைக் கம்பளியில் கொண்டுவருவது லேசுப்பட்ட காரியமில்லை. எல்லாம் வளைவு. கட்டத்துக்குள் வளைவை அடக்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும். அதிலும் இந்த 'ஷி' இருக்கிறதே, அது ஒன்றே பாதி முதுகைக் கேட்கும். அழித்து அழித்து வரைந்து, ஒருவழியாகப் பெயர் தாளில் ஒழுங்காக உட்கார்ந்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. சுவரில் ஒட்டி வைத்தேன்.

அந்தத் தாளைத்தான் ஜீவராணி பார்த்தாள். அவளும் மீனம்மாவின் தோட்டம்தான், அதே லயத்து வரிசை வீடுகளில் ஒன்று. படங்கு வாங்க வந்தவள், என்னைக் கண்டு கதைத்துவிட்டுப் போகலாம் என்று பின்பக்கம் வந்தாள். தாளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள்.

"இது யாருக்கு ராத்தா?"

"மீனம்மா மகளுக்கு. சடங்காமே, உங்களுக்குச் சொல்லலியா?"

ஜீவராணி கையிலிருந்த படங்கைக் கீழே வைத்தாள். முன்பக்கம் ஹலீம் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"ராத்தா, தனுஷிகா செத்துப்போச்சு."

"என்ன பேச்சு இது? எப்ப?"

"எப்பவோ ராத்தா. அந்தப் பெரிய மழையில எங்க லயத்துக்குப் பின்னால மண்ணு சரிஞ்சிச்சே, அப்ப. அவங்க இருக்கிற கடைசிக் காம்பரா செவரு அப்படியே உள்ள விழுந்துருச்சு. மீனம்மாக்கா மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு நின்னாங்க. ஓடி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. பெட்டியத் தொறந்துகூடக் காட்டல. காட்டுற மாதிரி இல்ல ராத்தா."

அவள் இன்னும் ஏதோ சொல்ல வந்தாள், அதற்குள் வெளியே பஸ்காரன் ஹாரனை அழுத்தத் தொடங்கிவிட்டான். அதை விட்டால் அவளுக்கு அடுத்த பஸ் மாலையில்தான். படங்கைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டாள். என் தலையில் ஒரு கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடினாள் என்றே சொல்ல வேண்டும்.

மழை வந்தால் எங்கேயாவது மண் சரியும். செய்தியில் தோட்டத்தின் பெயர் வரும், பிள்ளையின் பெயர் வராது. எனக்கு எப்படித் தெரியும்? பிந்தி வந்து அந்த மஞ்சள் கார்டிகனை வாங்கிப் போனாளே, அப்போதே பிள்ளை மண்ணுக்குள் போயிருந்தது. குளிரில் சாகும் என்று நான் ஏசியிருக்கிறேன். யா அல்லாஹ்!

அப்படியானால் அதற்குப் பிறகு வந்த நூல்கள்?

எழுந்து போய் மீனம்மாவின் ஆணியிலிருந்து எல்லாவற்றையும் இறக்கினேன். மேசையில் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக நீட்டி வைத்தேன். முதலாவது நூல். அடுத்தது அதைவிடக் குட்டை. மூன்றாவது கொஞ்சம் நீளம். பிறகு வருடா வருடம் வளர்ச்சி. ஒரு தாய் மனதால் அளந்தால் நூல் ஒரே சீராக நீளும். இவை அப்படி இல்லை. ஒரு வருடம் கை மட்டும் நீண்டிருந்தது. ஒரு வருடம் மார்பு இளைத்திருந்தது, காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கு இளைப்பதுபோல. இத்தனை காலம் பின்னுகிறவளுக்கு இதுகூடத் தெரியாதா? இது உடம்பில் வைத்து அளந்த நூல். செத்த பிள்ளையின் கை மண்ணுக்குள் கிடந்து வளருமா?

மாதுளம்பழச் சிவப்பு நூலைத் தொட முடியவில்லை. அரைகுறையாகப் பின்னித் தொங்கவிட்டிருந்த வேறு யாருடையவோ கார்டிகன் கையைப் பார்த்தாலும், உள்ளே ஏதோ இருப்பதுபோல் இருந்தது. சுவரில் ஒட்டிய பெயரைப் பார்க்கப் பயந்து, தாளைக் கிழித்தெடுத்துக் கவிழ்த்து வைத்தேன். ஆயத்துல் குர்ஸி ஓதி நெஞ்சில் ஊதிக்கொண்டேன். ஹலீமிடம் சொன்னபோது அவர் குடையைத் திறந்து பார்த்துக்கொண்டே சிரித்தார்.

"இனிமே கடைக்கு வர்றது மனுசரா ஜின்னான்னு பார்த்து நூலு வாங்கணும் போல."

"சிரிக்காதீங்க. எனக்கு ஈரக்கொலை நடுங்குது."

"நடுங்குதுன்னா பின்னாதே. பின்னுறதுன்னா கேட்ட பேரப் பின்னிக் குடு. இதுல துருவிப் பார்க்க என்ன இருக்கு?"

துருவிப் பார்க்காமல் இருக்கத் தெரிந்திருந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்? சிவனொளிபாதமலை சீசன் தொடங்குகிறது என்று அவர் மஃப்ளர் மூட்டைகளோடு மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் புறப்பட்ட அன்று, நான் கடையைப் பூட்டிவிட்டு வட்டவளைக்கு பஸ் ஏறினேன்.

தோட்டத்து வழியில் மூடுபனி இறங்கியிருந்தது. முன்னால் போகிறவரின் குடைதான் தெரிந்தது, ஆள் தெரியவில்லை. கடைசிக் காம்பரா எது என்று யாரையும் கேட்கத் தேவையிருக்கவில்லை. லயம் முழுக்கப் பழைய கருங்கல் சுவர். அதற்கு மட்டும் பின்சுவர் சீமெந்துக் கல், இன்னும் பூசப்படாமல் இருந்தது.

மீனம்மா என்னைக் கண்டதும் பதறிப்போனாள். "என்ன ராத்தா, இந்த மழையில?" அடுப்படியில் இருந்த அவள் புருஷன் செல்லசாமி எழுந்து வந்து கும்பிட்டார், ஏதோ பிடிபட்டவரைப்போல.

"பேரு போடுறதால அளவு சரியா இருக்கணும். ஆளையே பார்த்து அளந்துட்டா நல்லதுன்னு வந்தேன்," என்றேன்.

சொல்லும்போதே என் கண் சுவருக்குப் போய்விட்டது. ஆணியில் அந்த மஞ்சள் கார்டிகன் தொங்கியது. இரண்டு பக்கமும் என் மைனா. நிறம் மங்கவில்லை, கை முட்டியில் தேயவில்லை. ஒரு நாளும் உடம்பு பார்க்காத சட்டை. ஆனால் பொத்தான் துளைகள் மட்டும் வாய் பிளந்து தளர்ந்திருந்தன. தினமும் போட்டுக் கழற்றினால்தான் துளை அப்படித் தளரும். பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளையின் படம் மாட்டியிருந்தது. அதற்கு மாலையும் இல்லை, விளக்கும் இல்லை.

மீனம்மா உள்பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள்.

"தனுஷிகா! ராத்தா வந்திருக்காங்க, வா."

உள்ளே யாரோ எழும்பும் சத்தம் கேட்டது. வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொண்டேன், ஓடுவதற்கு.

ஒரு பிள்ளை வெளியே வந்தது. போன வருடம் நான் பின்னிய நீலக் கார்டிகன் போட்டிருந்தது. கை நீளம் என்று இரண்டு மடிப்பு மடித்து விட்டிருந்தது. நான் ஒன்றும் சொல்லாமலே, அளவெடுக்க வசதியாக இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு என் முன்னால் நின்றது. கண்ணைத் தாழ்த்தியே வைத்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். சூடு இருந்தது. இருமியது. அல்ஹம்துலில்லாஹ், உயிருள்ள பிள்ளை.

"இங்க இருட்டா இருக்கு. வெளிச்சத்துல நின்னு அளக்கிறேன்," என்று அதை வாசலுக்குக் கூட்டிப்போனேன்.

கூரைத் தகரத்தில் மழை கொட்டிய சத்தத்தில் உள்ளே எதுவும் கேட்டிருக்காது. தோளில் நூலை வைத்தபோது அது மெதுவாகச் சொன்னது: "ஆன்டி, எம்பேரு லோஜினி."

"அப்ப தனுஷிகா?"

"அக்கா. செத்துப்போச்சு. ஸ்கூல்ல எல்லாரும் லோஜினின்னுதான் கூப்பிடுவாங்க. லயத்துக்கு வந்தா நான் அக்கா. அம்மா அப்படித்தான் கூப்பிடுவாங்க. அப்பறம் அப்பாவும் கூப்பிட்டாங்க. இப்ப எல்லாரும் கூப்பிடுறாங்க."

"அந்த மஞ்சச் சட்டை?"

"அத எனக்குத் தரமாட்டாங்க. காலையில மலைக்குப் போறதுக்கு முன்னாடி அம்மா அதுக்குப் பொத்தான் போடுவாங்க. சாயங்காலம் வந்து கழட்டுவாங்க."

அந்தப் பிள்ளை மடித்துவிட்ட கையை அவிழ்த்துக் காட்டியது. கம்பளி அதன் விரல்களைத் தாண்டித் தொங்கியது.

"நீங்க பின்னுறது எல்லாமே எனக்குப் பெருசா இருக்கும் ஆன்டி. மிச்சம் இருக்கிற எடத்துல அக்கா இருக்குன்னு நெனைப்பேன். குளிருக்குப் போட்டாலும் பயமா இருக்கும்."

அளவுக்கு மேல் ஒரு விரல் கூட்டிக் கூட்டிப் பின்னினேனே, அந்த ஒரு விரல் இடம் யாருக்கு வாய்த்திருக்கிறது என்று அப்போது விளங்கியது.

"அந்தப் பேர முதுகுல பின்னாதீங்க ஆன்டி. அக்காவ முதுகுல தூக்கிக்கிட்டே நடக்க ஏலாது. சடங்குக்கு அடிச்ச பேனர்லயும் எம்படம் போட்டு அக்கா பேரு போட்டிருக்கு. எல்லாரும் அதப் பாத்துட்டா அதுக்கப்பறம் நான் யாரு?"

செல்லசாமி எப்போது வந்து நின்றார் என்று தெரியாது. கண் கலங்கியிருந்தது.

"நாங்க என்னங்க ராத்தா செய்யிறது? மூத்தவ போன பொறகு இவ அம்மா தண்ணிகூடக் குடிக்கல. ஒருநாளு இவளப் பாத்து அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா. இவளும் 'என்னம்மா'ன்னா. அன்னிக்குத்தான் சோறு தின்னா. அதுக்குப் பொறகு மாத்த எங்க யாருக்கும் மனசு வரல."

பாவம் பார்த்துப் பார்த்தே ஒரு லயமாகச் சேர்ந்து ஒரு பிள்ளையை இல்லாமலாக்கிக்கொண்டிருந்தார்கள். யாரைப் போய் ஏசுவது? ஏசுவதில் எனக்கு ஈடு கிடையாது, ஆனால் அன்றைக்கு அளந்த நூலைச் சுருட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

ஹலீம் நல்லதண்ணியிலிருந்து திரும்பியதும் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

"நீ பேர மாத்திப் பின்னி, அந்தப் பொம்பளைக்கு ஒண்ணு ஆகிப்போனா?"

"மாத்தாம பின்னி அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆகிப்போனா?"

"ரெண்டுலயும் உனக்கு ஏச்சுத்தான் கிடைக்கும்," என்று எழுந்து போனார். அது உண்மைதான். மீனம்மாவும் எனக்கு அந்நியமில்லை. பிள்ளையைப் பெட்டியில் முகம் பார்க்காமல் அனுப்பிய தாய் அவள். எனக்கு ஹனா ஒரே மகள். மருமகனோடு கத்தாரில் இருக்கிறாள். ஒரு நாள் போன் எடுக்காவிட்டாலே எனக்கு உயிர் போய் உயிர் வரும். அவளை நினைத்து அழுதுகொண்டுதான் புதுத் தாளில் கட்டம் போட்டேன்.

கார்டிகனில் முதுகைத்தான் முதலில் பின்னுவேன். கீழ்விளிம்பிலிருந்து மேலே போக வேண்டும். சிவப்புக்கு நடுவே வெள்ளை நூலால் பெயர் ஒவ்வொரு வரிசையாக எழும்பி வந்தது. லோஜினி. அளவு நான் நேரில் எடுத்தது. ஒரு விரல்கூடக் கூட்டவில்லை.

முதுகுப் பகுதி முடிந்திருந்த நேரம், சடங்குச் சேலை வாங்க டவுனுக்கு வந்த மீனம்மா மகளையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். "எவ்வளவு ஆயிருக்குன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தோம் ராத்தா."

நான் எடுத்து விரித்தேன். அவள் பார்த்தாள். விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவினாள்.

"பேரு மாறிப்போச்சு ராத்தா."

"மாறல மீனம்மா."

"என் புள்ள பேரு தனுஷிகா."

"அதுவும் உங்க புள்ளதான். இதுவும் உங்க புள்ளதான்."

"பிரிச்சிருங்க."

"பிரிக்க ஏலாது. நீங்கதானே கூடவே பின்னச் சொன்னீங்க? பேரப் பிரிச்சா முதுகே போயிரும்."

"போகட்டும்," என்றாள்.

என் கையிலிருந்து அதைப் பிடுங்கினாள். மேல்விளிம்பில் நான் முடிந்து வைத்திருந்த நூல் நுனியைத் தேடிப் பிடித்து அவிழ்த்து இழுத்தாள். கம்பளி பிரிவதற்குச் சத்தம் இல்லை. ஒரு வரிசை போனது, இன்னொரு வரிசை போனது. சுருள் சுருளாகச் சிவப்பு நூல் அவள் மடியில் விழுந்தது. நான் தடுக்கவில்லை. தடுத்தால் கையைக் கடித்துவிடுவாள்போல இருந்தாள். அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. மண்ணைக் கையால் தோண்டுகிறவள் மாதிரி இழுத்துக்கொண்டிருந்தாள்.

நூலோடு முதல் முறையாக வெள்ளை வந்தது. எழுத்தின் தலை பிரியத் தொடங்கியது.

அந்தப் பிள்ளை அதுவரை ஓரமாக நின்றுகொண்டிருந்தது. இப்போது தான் போட்டிருந்த நீலக் கார்டிகனைக் கழற்றி என் நாற்காலியில் வைத்தது. மெல்லிய சட்டையோடு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு தாயின் முன்னால் வந்து நின்றது. வருடா வருடம் அளவெடுக்க அப்படித்தான் நின்றிருக்க வேண்டும். உடம்பு நடுங்கியது.

"அக்காவுக்கு இனிக் குளிராதும்மா," என்றது. "எனக்குத்தான் குளிருது."

மீனம்மாவின் கை நின்றது.

பிள்ளையைப் பார்த்தாள். காலிலிருந்து தலைவரை பார்த்தாள், அன்றைக்குத்தான் ஊரிலிருந்து வந்த ஒருத்தியைப் பார்ப்பதுபோல. தூக்கிய கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினாள். பிறகு தன் முந்தானையை எடுத்து அந்தத் தோளைச் சுற்றிப் போர்த்தினாள்.

"லோஜினி," என்றாள். "சளி புடிக்கும். சட்டையப் போடு."

அப்போதுதான் அந்தப் பிள்ளை அழுதது. வாய்விட்டு, கடை முழுக்கக் கேட்கும்படி அழுதது. முன்பக்கத்தில் ஹலீம் வந்த வாடிக்கையாளரைக் கையைக் காட்டி நிறுத்தி வைத்தார். நான் கீழே சிதறிய நூலைச் சுருட்டுகிறேன் என்ற சாக்கில் குனிந்துகொண்டேன்.

போகும்போது மீனம்மா பாதி பிரிந்த முதுகை என் மடியில் வைத்தாள். "திரும்பக் கோத்துருங்க ராத்தா. அதே பேரே இருக்கட்டும்," என்றாள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்து, "அந்த மொத நூலு இன்னும் இருக்கா?" என்று கேட்டாள். ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதை விரலில் சுற்றிக்கொண்டு போனாள்.

பேனரைச் செல்லசாமி வேறாக அடிக்கக் கொடுத்தாராம். சடங்கு முடிந்து லோஜினி சிவப்புக் கார்டிகனோடு நிற்கும் படத்தை ஜீவராணி போனில் அனுப்பியிருந்தாள். யாரோ பின்னாலிருந்து எடுத்திருந்தார்கள். முதுகில் பெயர் பளிச்சென்று தெரிந்தது. கை மணிக்கட்டில் சரியாக நின்றது.

பொங்கல் கழிந்து ஒரு வெயில் நாளில் மீனம்மா தனியாக வந்தாள். பையிலிருந்து மஞ்சள் கார்டிகனை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இதுல அவ பேரு வேணும் ராத்தா. மேல வச்சுத் தச்சாப் போதும்."

சின்ன முதுகு. தனுஷிகா என்ற பெயர் அதில் ஒரே வரியில் அடங்கவில்லை, இரண்டாகப் பிரித்து ஒன்றன்கீழ் ஒன்றாகத் தைத்தேன். அவள் முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே கொண்டுபோகிறாள் என்று கேட்டேன்.

"அவ இருக்கிற எடத்துக்கு. தேயிலைக்குக் கீழ. ஞாயித்துக்கெழம மூணு பேருமாப் போயி மண்ணத் தோண்டி உள்ள வைக்கப்போறோம். அன்னிக்குப் பெட்டியில ஒண்ணும் போட்டு அனுப்பல ராத்தா."

நூலைக் கத்தரித்துச் சட்டையை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. தளர்ந்துபோன பொத்தான் துளைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை பொத்தான்களைத் தானே போட்டுவிட்டாள்.

"இதையும் சேத்து இறுக்கித் தச்சிருங்க ராத்தா," என்றாள். "இனிமே கழட்டத் தேவையில்ல."

ஊசியில் மஞ்சள் நூலைக் கோத்து, கழுத்துப் பொத்தானிலிருந்து தைக்கத் தொடங்கினேன்.